ரிவெட் அடிக்கும் முன்: இறக்கைத் தகடு காட்டும் குறிகள்

உலோக விமானத்தை வீட்டில் கட்டுகிறவருக்கு ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடிப்பதில் போகும் நேரம் கொஞ்சம்தான். துளை போட்டு, பிசிறு எடுத்து, டிம்பிள் (ரிவெட் தலை உட்காரத் துளையைச் சுற்றி அமுக்கும் குழி) அடித்து, கழுவி, பிரைமர் பூசித் தகட்டை ரிவெட்டுக்கு ஆயத்தப்படுத்துவதில்தான் மாதங்கள் கரையும். என் கொட்டகை வள்ளியூருக்குக் கிழக்கே, ராதாபுரம் போகிற சாலையில் இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் சிறு விமானத்தின் இரண்டு இறக்கைகளுக்கும் ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் தகடு), ஸ்பார் (நீளவாக்கில் பாரம் தாங்கும் உத்திரம்), ஸ்கின் (மேலே போர்த்தும் தகடு) எல்லாவற்றையும் இங்கேதான் தயார் செய்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் மேல்காற்று, பிற்பகலில் கிழக்கே இருந்து வரும் உப்புக் கடல்காற்று, போர்வெல் தண்ணீர், தகரக் கூரையின் வெக்கை. இவை தகட்டுக்கு என்ன செய்யும் என்று கிட்டோடு, அதாவது விமானப் பாகங்கள் அடங்கிய பெட்டியோடு, வரும் கையேடு சொல்லாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு எது தெரிகிறதோ அங்கே போகலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு ஒரு வேலையில் கண்ணுக்குத் தெரியும். பிறந்தது பெரும்பாலும் அதற்கு முந்தின வேலையில். டிம்பிளில் விரிசல் என்றால் துளையின் ஓரத்தைப் பாருங்கள். பிரைமர் உரிகிறது என்றால் கழுவிய தண்ணீரைப் பாருங்கள்.

நான் பேசுவது 2024-டி3 என்ற அலுமினியக் கலவைத் தகடு. இரண்டு பக்கமும் மெல்லிய தூய அலுமினியப் படலம் போர்த்தியது. தடிமன் 0.025 அல்லது 0.032 அங்குலம், அதாவது 0.64 அல்லது 0.81 மில்லிமீட்டர். ஸ்கின்னுக்குத் தட்டைத்தலை ரிவெட், 3/32 அங்குலம்.

ரிப்பை மேசையில் வைத்தால் ஆடுகிறது. துளை வரிசை வில் மாதிரி வளைந்திருக்கிறது

பெட்டியைப் பிரித்ததும் முதலில் கண்ணில் படுவது இதுதான். பயப்பட வேண்டாம், தகடு கெட்டுப் போகவில்லை. ரிப்பின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் இறக்கையின் வளைவோடு போகின்றன. அந்த வளைவில் ஓரத்தை மடிக்கும்போது, மடிப்பில் தேவைக்கு மேல் உலோகம் நிற்கும். மிஞ்சின நீளம் போக்கிடம் இல்லாமல் ரிப்பின் நடுத்தகட்டை வளைத்துவிடும்.

நான் இது தெரியாமல் நடுத்தகட்டை மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி பார்த்துவிட்டுச் சொன்னார்: "இல்ல தம்பி, நடுவுல அடிச்சிப் பிரயோஜனம் கெடையாது. ஓரம் நீளங்கூடிப் போயி நிக்கி. கூடுன நீளத்த எங்கயாச்சும் ஒளிச்சி வைக்கணும்லா?" விமானத்தையே அவர் கிட்டத்தில் பார்த்ததில்லை. கார் பானெட்டில் கற்றது. சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஒளித்து வைக்கிற வேலைக்கென்றே ஒரு குறடு உண்டு, ஃபுளூட்டிங் குறடு. மடிப்பில் சின்ன நெளி போட்டு, மிஞ்சின நீளத்தை அந்த நெளிக்குள் வாங்கிக்கொள்ளும். நெளி எப்போதும் இரண்டு ரிவெட் துளைகளுக்கு நடுவில் வர வேண்டும்; துளைமேல் பட்டால் அந்தத் துளை போச்சு. நெளியின் மேடு ரிப்பின் உள்பக்கம் பார்க்க வேண்டும். வெளியே துருத்தினால் ஸ்கின்னைத் தூக்கும். ஒரே நெளியில் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். எல்லா இடைவெளியிலும் லேசாகப் போட்டுக்கொண்டு போய், துளை வரிசைமேல் மட்டக்கோல் வைத்துப் பாருங்கள். வரிசை நேராக வந்து, நடுத்தகடும் மேசையில் படிந்தால் போதும். எதிர்ப்பக்கம் வளைய ஆரம்பித்தால் நெளி அதிகமாகிவிட்டது. சப்பைவாய்க் குறடால் நெளியைக் கொஞ்சம் அமுக்கிவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். மடிப்பு மூலைமட்டத்துக்கு நிற்கிறதா? அச்சிலிருந்து வெளியே எடுத்ததும் தகடு கொஞ்சம் மீண்டு விரியும். அதை 90 டிகிரிக்குக் கொண்டுவராமல் விட்டால் ஸ்கின் மடிப்பின் ஓரத்தில் மட்டும் உட்காரும். பறக்கும்போது வெயிலில் ரிப் வரிசை வரிசையாகத் தெரியும்.

நேற்றுக் காலை பொருந்திய துளை, இன்று மதியம் பொருந்தவில்லை

துளையை ஓட்டிப் பெரிதாக்கிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூட்டில் சுமார் 0.023 மில்லிமீட்டர் நீளும். இரும்பு அதில் பாதிதான். 2.4 மீட்டர் ஸ்கின், பாகங்களைப் பிடித்து நிறுத்த இரும்புச் சட்டத்தில் கட்டிய ஜிக், காலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால், இரண்டுக்கும் நடுவே 0.4 மில்லிமீட்டர் விலகும். 2.5 மில்லிமீட்டர் துளையில் அது கிளிகோவை (ரிவெட் அடிக்கும் வரை தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தற்காலிகக் கவ்வி) நுழைய விடாது. ஸ்கின் கூரை வெக்கையிலும் ரிப் நிழலிலும் இருந்தால் விலகல் இன்னும் கூடும். சித்திரை, வைகாசியில் நான் கிளிகோ போடுவதும் துளையிடுவதும் காலை ஒன்பது மணிக்குள்தான். கிளிகோவை நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு முனையில் தொடங்கினால் வித்தியாசம் முழுதும் மறுமுனையில் சேர்ந்துவிடும்.

துளை வட்டமாக இல்லை. முட்டை வடிவம் அல்லது எட்டு வடிவம்

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: மழுங்கிய பிட், சாய்த்துப் பிடித்த டிரில், போதாத கிளிகோ. மூன்று துளைக்கு ஒரு கிளிகோவாவது இருந்தால்தான் தகடுகள் நகராது.

பிட் வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். கையேடு பிட்டின் அளவை 40-ஆம் எண், 30-ஆம் எண் என்று சொல்லும். நம் ஹார்டுவேர் கடையில் மில்லிமீட்டர் பிட்தான் கிடைக்கும். 40-ஆம் எண் 2.49 மில்லிமீட்டர் என்பதால் 2.5 பிட் அப்படியே சரிப்படும். 30-ஆம் எண் அப்படியில்லை. அது 3.26, கடையில் கிடைக்கும் 3.2 இறுக்கும், 3.3 தளர்த்தும். 30-ஆம் எண்ணை மட்டும் வெளியூரிலிருந்து வரவழையுங்கள்.

3/32 ரிவெட்டுக்கான துளை கெட்டுவிட்டால், 1/8 ரிவெட்டுக்கு ஓட்டி வட்டமாக்கலாம். தலை சிறுத்து, தண்டு தடித்த ரிவெட் ஒன்று இதற்கென்றே இருக்கிறது, என்.ஏ.எஸ். 1097. அதன் தலை பழைய டிம்பிளில் ஏறக்குறைய அப்படியே உட்காரும். ஓட்டுவதற்கு முன் துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை அளந்து பாருங்கள். ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 1/8 ரிவெட்டுக்கு 6.4 மில்லிமீட்டர். அது இல்லையென்றால் அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டு தகடும் ஒட்டி உட்காரவில்லை, வெளிச்சம் தெரிகிறது

பிசிறு. துளையின் வாயில் நிற்கும் முடி போன்ற உலோகம். பார்த்தால் தெரியாது. பனியன் வேஸ்டைத் துளைமேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் பிசிறு இருக்கிறது. தகடுகளைப் பிரித்து எல்லாப் பக்கமும் எடுக்க வேண்டும், உள்பக்கத்தையும்தான். சேர்த்து வைத்துத் துளையிடும்போது இரண்டு தகட்டுக்கும் நடுவில் சீவல் புகுந்துகொள்ளும். பிரிக்காமல் ரிவெட் அடித்தால் அது காலத்துக்கும் உள்ளேயே கிடக்கும்.

பிசிறு எடுத்த துளை பளபளவென்று சரிவாகத் தெரிகிறது

இந்தக் குறியைப் பலர் நல்ல வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் நினைத்தேன். இடது இறக்கையின் முதல் ஸ்கின்னில் ஒவ்வொரு துளையையும் ஆறேழு சுற்றுச் சுற்றி, கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: 0.64 மில்லிமீட்டர் தகட்டில் பாதியைச் சீவி எடுத்திருந்தேன். துளையின் ஓரம் கத்தி முனையாகிவிட்டது. ரிவெட் அந்த முனையை மட்டும்தான் பிடிக்கும். ஒவ்வொரு குலுக்கலிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்து, ஒருநாள் கீறும். அந்த ஸ்கின் முழுவதையும் கழித்துப் போட்டேன். மனது வலித்தது, ஆனால் வேறு வழியில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கத்தி முனையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 1988 ஏப்ரல் 28-ஆம் தேதி ஹவாய்த் தீவுகளுக்கு மேலே அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் ஒன்றின் மேல்கூரை பறந்த நிலையில் பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகளை ஒட்டியிருந்த பசை கடற்காற்றில் விட்டுப்போய், பாரம் முழுதும் ரிவெட்டுகள் மேல் விழுந்திருந்தது. அந்த ரிவெட் துளைகளில் தலை உட்காரத் துளை வாயில் சரிவு வெட்டிய இடம் கத்தி முனையாக இருந்ததால் அங்கிருந்துதான் விரிசல்கள் கிளம்பின. நம்முடையது உள்ளே காற்றழுத்தம் ஏற்றாத சின்ன விமானம்தான். உலோகத்தின் குணம் அதேதான், காற்றின் உப்பும் அதேதான்.

கூர்மையான பிசிறுவெட்டி, கையின் எடையே இல்லாத அழுத்தம், இரண்டு அல்லது மூன்று சுற்று. அவ்வளவுதான். மோட்டார் பொருத்திச் சுற்றுவதை நான் விட்டுவிட்டேன்.

டிம்பிளின் உதட்டில் நட்சத்திரம் மாதிரி விரிசல்

பத்து மடங்கு லென்ஸ் இல்லாமல் இதைத் தேடாதீர்கள். வெறும் கண்ணுக்குப் படும் அளவுக்கு வந்துவிட்டால் ரொம்பத் தாமதம்.

டிம்பிள் அடிக்கும்போது துளையின் ஓரம் இழுபட்டு விரிகிறது. அந்த ஓரத்தில் ஒரு கீறலோ, பிசிறோ, கரடோ இருந்தால் அங்கே கிழியும். ஆகவே துளையிலிருந்து ஆரம்பியுங்கள். பிசிறு எடுத்தீர்களா? துளையை முழு அளவுக்கு ஓட்டிய பிறகுதான் டிம்பிள் அடித்தீர்களா, அல்லது தொழிற்சாலையில் குத்திய சின்னத் துளையிலேயே அடித்துவிட்டீர்களா? சின்னத் துளை கூடுதலாக விரிய வேண்டியிருப்பதால் கிழிவது சுலபம். லேசரால் வெட்டிய துளை என்றால் இன்னும் கவனம். கதிர் தொடங்கி முடிந்த இடத்தில் ஒரு சிறு கொக்கி நிற்கும், அந்த ஓரம் சூடுபட்டும் இருக்கும். அதை ரீமரால் (துளையின் உட்சுவரைச் சீவும் கருவி) நீக்காமல் டிம்பிள் அடிக்கவே கூடாது.

துளை சுத்தமாக இருந்தும் விரிசல் வருகிறது என்றால் தகட்டின் மேல் சந்தேகம் வையுங்கள். இங்கே ஒரு வார்த்தை. மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம் இருப்பதால் இந்தப் பக்கம் விமான அலுமினியம் எளிதாகக் கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அதற்கும் டவுனில் இருக்கும் அலுமினியக் கடைக்கும் சம்பந்தம் கிடையாது. கடையில் விற்கும் வெறும் அலுமினியத் தகட்டின் இழுவலிமை 2024-டி3-யின் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஜன்னல் சட்டத்துக்கு வரும் கலவையும் வேறு. தயாரித்த ஆலையின் சான்றிதழ் இல்லாத தகட்டில் பழகிப் பாருங்கள், இறக்கையில் போடாதீர்கள்.

விரிசல் ரிவெட் தலைக்குள் அடங்குமே என்று விட்டுவிட மனம் வரும். விடாதீர்கள். பெரிய ரிவெட்டுக்கு ஓட்டும்போது விரிசல் முழுதும் போய்விட்டால் சரி. லென்ஸில் ஒரு முடியளவு மிஞ்சினாலும் அந்தப் பாகம் வேண்டாம்.

ரிவெட் தலை தகட்டுக்கு மேலே துருத்துகிறது

டிம்பிள் முழுதாக இறங்கவில்லை. ஒரு குழல்விளக்கின் பிம்பத்தைத் தகட்டில் பிடித்துப் பாருங்கள். நல்ல டிம்பிளில் பிம்பம் குழியின் விளிம்பு வரை நேராக வந்து சட்டென்று உடையும். விளிம்புக்கு முன்பே பிம்பம் வளைந்தால் இன்னும் அடி தேவை. கையால் அமுக்கும் கருவியானால் அச்சுகள் ஒன்றோடொன்று முட்டிய பிறகும் ஒரு பொடி இறுக்கம் கூடுதலாக இருக்குமாறு திருகுங்கள்.

சரிவு வெட்டிய துளையில் ரிவெட் ஆழமாக மூழ்குகிறது, அல்லது துளை ஓரம் அலையலையாக இருக்கிறது

அலைக்குக் காரணம் வேகம். டிரில்லை மெதுவாக ஓட்டி, நேராகப் பிடித்து, நிதானமாக அழுத்துங்கள். ஆழம் தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்டும் ஆழத்தை நிறுத்தும் ஆழக்கூண்டின் பூட்டு நழுவியது. பத்துத் துளைக்கு ஒருமுறை துண்டுத் தகட்டில் ஒரு துளை வெட்டி, ரிவெட்டைப் போட்டு விரலால் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

சரிவு வெட்டுவது ஸ்பார் போன்ற தடித்த பாகத்துக்கு மட்டும். ரிவெட் தலையின் உயரத்தைவிடத் தகடு மெல்லிசாக இருந்தால் வெட்டக் கூடாது, டிம்பிள்தான். டிம்பிள் அடித்த ஸ்கின் வந்து உட்கார வேண்டிய ஸ்பார் துளையை மட்டும் ரிவெட் மட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு ஆழமாக வெட்ட வேண்டும். டிம்பிளின் அடிப்பக்கம் ரிவெட் தலையைவிடப் பெரியது அல்லவா.

தகட்டில் கீறல், பென்சில் கோட்டின் மேல் கரும்புள்ளி

நகம் மாட்டாத கீறலை நுண்ணிய உப்புத்தாளால், கீறலின் திசையிலேயே தேய்த்துவிடலாம். நகம் மாட்டினால் தூய அலுமினியப் படலத்தைத் தாண்டியிருக்கும். ஆழம் பார்க்க வேண்டும். தேரி மண் பறக்கும் இடத்தில் தகட்டைத் துணியால் வறட்டுத் துடை துடைக்காதீர்கள், அந்தச் செம்மணல் துணியோடு சேர்ந்து உப்புத்தாள் ஆகிவிடும். ஊதிவிட்டு, கழுவிவிட்டுத் துடையுங்கள். இரும்புக் கம்பளி வேண்டாம். பென்சிலும் வேண்டாம்; அதன் கரி அலுமினியத்தோடு சேர்ந்து ஈரத்தில் அரிப்பைக் கிளப்பும். மார்க்கர் பேனா போதும்.

அட்டியில் வைத்த தகட்டில் வெள்ளைப் பொடி, அல்லது புழு ஊர்ந்தது போன்ற கோடு

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இதைத் தேடிப் பாருங்கள். ஸ்கின்னோடு வரும் நீல பிளாஸ்டிக் உறையைப் பாதுகாப்பு என்று எண்ணி வருடக்கணக்கில் விட்டுவைக்கிறோம். அதன் ஓரத்தில் ஈரமும் உப்பும் புகுந்து உள்ளேயே அடைபடும். தகடு வந்த சில வாரங்களில் உறையை உரித்துவிடுங்கள். நாளிதழையும் அட்டையையும் நடுவில் வைத்து அடுக்காதீர்கள், அவை ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். படுக்க வைக்காமல், காற்று நடுவே போகும்படி நிற்க வையுங்கள். வெறுங்கையால் தொட்டால் வியர்வைக் கையெழுத்தும் அப்படியே வெளுக்கும், கையுறை போடுங்கள்.

மேலோட்டமான பொடியை மெரூன் நிற ஸ்காட்ச் பிரைட் நாரால் லேசாகத் தேய்த்து நீக்கலாம். நீக்கிய இடத்தில் ஊசிக்குத்து மாதிரிக் குழிகள் இருந்தால் ஆழம் அளந்து, கிட் நிறுவனத்தைக் கேட்காமல் மேலே போகாதீர்கள்.

பிரைமர் உரிகிறது, மீன்கண் விழுகிறது, அல்லது தொட்டால் மாவாக வருகிறது

மூன்றும் வெவ்வேறு நோய்.

உரிந்தால் கழுவியதில் பிழை. பூசும் முன் தகட்டின்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தாமரை இலையில் உருளுவது போல முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. ஒரே படலமாக விரிந்து வழிந்தால் சுத்தம். எங்கள் போர்வெல் தண்ணீரில் இந்தச் சோதனை தேறியும் பிரைமர் உரிந்தது. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை ஏடு கட்டும். காய்ந்ததும் அதே உப்பு தகட்டின் மேல் தங்கி, பிரைமருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதிலிருந்து கடைசிக் கழுவலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஒரு ரிப்புக்குச் செலவு அதிகமில்லை.

மீன்கண் போன்ற வட்டம் விழுந்தால் எண்ணெய் அல்லது சிலிக்கான், இல்லையென்றால் கம்ப்ரெஸர் குழாயில் தண்ணீர். கடல்காற்று வரும் பிற்பகலில் தொட்டி சீக்கிரம் நிறையும். தொட்டியை நாள்தோறும் வடித்துவிட்டு, பூச்சுத் துப்பாக்கிக்கு முன்னால் ஈரம் பிடிக்கும் வடிகட்டி மாட்டுங்கள்.

மாவாக வந்தால் காற்றும் வெயிலும்தான் காரணம். துளி தகட்டில் விழுமுன்னே காய்ந்து, தூளாகப் படிகிறது. ஆடிக் காற்றில் கொட்டகை வாசலில் நின்று நான் பூசிய நான்கு ரிப்புகளும் இப்படித்தான் ஆயின. இப்போது விடிந்ததும், காற்று எழும்பும் முன், மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி, துப்பாக்கியைக் கொஞ்சம் கிட்டப் பிடித்து, மெதுவாகக் காயும் தின்னரோடு அடிக்கிறேன். மழை நாளில் பூசவே பூசாதீர்கள்.

குரோமேட் கலந்த பிரைமரையும் அமிலக் கழுவலையும் பயன்படுத்துகிறவர்கள் முகமூடி, கையுறை இல்லாமல் திறக்காதீர்கள். கழுவின தண்ணீரை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். குரோமேட் புற்றுநோய் தரும் நஞ்சு, நம் வாய்க்கால் அடுத்த குளத்துக்குத்தான் போகும். நான் அதனாலேயே குரோமேட் இல்லாத எபாக்சி பிரைமருக்கு மாறினேன்.

பூசி, டப்பாவில் சொன்ன நாள் கணக்குக்குக் காயவிட்ட பிறகு, கத்தியால் பூச்சில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக நான்கு கோடு கீறி, ஒட்டுநாடா ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். இந்தச் சோதனை துண்டுத் தகட்டில்தான். ரிப்போடு சேர்த்தே அதையும் கழுவி, அதே நேரத்தில் பூசி வைத்திருக்க வேண்டும். நாடாவில் பிரைமர் ஒட்டாமல் வந்தால், ஒவ்வொரு ரிப்பின் இரண்டு பக்கத்தையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு வருகிறவர் மூடிய இறக்கைக்குள் பார்க்க முடியாது. அதன் பிறகு கிளிகோவை எடுங்கள்.